ஹாலிடே என்றால் திருநாள்

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையில் 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்றுதான் இருக்க வேண்டும் என்கிறது நிறுவனம். எங்கள் சபையில் சிலர், "கிறிஸ்துவின் பெயரை ஒழிக்கப் பார்க்கிறார்கள். 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்றே போடச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள்" என்கிறார்கள். விசுவாசியாகிய நான் என்ன செய்வது?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: பிடிவாதம் வேண்டாம். உங்கள் கையெழுத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்களுக்குப் போகும் அட்டையில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று மனம் நிறைய எழுதுங்கள். நிறுவனத்தின் பெயரில் முன்பின் தெரியாதவர்களுக்குப் போகும் அட்டையில் 'ஹேப்பி ஹாலிடேஸ்' இருக்கட்டும். அதனால் ஆண்டவருக்கு இழுக்கு எதுவும் இல்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பாருங்கள். 'ஹோலி', 'டே' இரண்டும் சேர்ந்துதான் 'ஹாலிடே' ஆனது. நம் 'திருநாள்' அப்படியே அதுதான். நாம் அதை 'விடுமுறை' என்று மட்டுமே படித்து வந்ததால் அதில் உள்ள 'திரு' கண்ணில் படவில்லை. 'எக்ஸ்மஸ்' என்று எழுதினால் கிறிஸ்துவை அடித்துவிட்டார்கள் என்று கோபப்படுவதும் இதே போலத்தான். அந்த எக்ஸ், 'கிறிஸ்தோஸ்' என்ற கிரேக்கப் பெயரின் முதல் எழுத்து.

இரண்டாவது, கிறிஸ்துமஸ் வேண்டாம் என்று அமெரிக்க மண்ணில் சட்டமே போட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர். 1659-ல் மாசசூசெட்ஸ் காலனியை ஆண்ட பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்கள், அந்த நாளைக் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றார்கள். வேதத்தில் தேதி இல்லாத பண்டிகையைக் கொண்டாடக் கூடாது என்பது அவர்கள் கட்சி. 1681-ல்தான் அந்தச் சட்டம் போனது. 1950-களில் அதிபராக இருந்த ஐசன்ஹோவர் காலத்து வெள்ளை மாளிகை அட்டைகளில் 'சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்' என்றிருந்தது. யாரும் சதி என்று சொல்லவில்லை. 2005-ல் அதிபர் ஜார்ஜ் புஷ் அனுப்பிய அட்டையிலோ, "கர்த்தர் என் பெலனும் என் கேடகமுமாயிருக்கிறார்" என்ற 28-ஆம் சங்கீத வசனமே அச்சாகியிருந்தது. அப்படியும் 'கிறிஸ்துமஸ்' என்ற சொல் இல்லையென்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். வசனத்தை விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வதை நான் பக்தி என்று ஏற்கமாட்டேன்.

திருச்சபை நாட்காட்டியையும் உங்கள் நண்பர்கள் புரட்டிப் பார்க்கட்டும். டிசம்பர் 24 வரை நடப்பது, கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம். 25-ல் தொடங்கும் கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாள் நீள்கிறது. அதுவும் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தாது. ஆர்மீனிய சபைக்கு ஜனவரி 6. ரஷ்ய, செர்பிய, காப்டிக், எத்தியோப்பிய சபைகளுக்கு ஜனவரி 7. உங்கள் டல்லாஸிலேயே எத்தியோப்பியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இனி அட்டை விஷயம். முகவரிப் பட்டியலை எடுத்து, என்ன பண்டிகை கொண்டாடுகிறார் என்று அவரே சொல்லித் தெரிந்தவர்களைத் தனியே பிரியுங்கள். அவர்களுக்கு அந்தப் பண்டிகையின் பெயரைச் சொல்லியே வாழ்த்தலாம். மற்ற எல்லோருக்கும் பொது அட்டை. பெயரை வைத்து மதத்தை ஊகிப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. டேவிட் யூதராக இருக்கலாம். அரபுப் பெயர் உள்ளவர் லெபனான் கிறிஸ்தவராக இருக்கலாம். நிறத்தை வைத்து ஊகிப்பது அதைவிட மோசம். குவான்சா என்பது ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்காக 1966-ல் தொடங்கிய பண்பாட்டு விழா, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. கறுப்பின மக்கள் எல்லோரும் அதைக் கொண்டாடுவதில்லை. அவர்களில் பலர் கிறிஸ்துமஸுக்கு ஆலயம் போகிறவர்கள்.

யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்காவுக்கு வாழ்த்து அனுப்புவதானால் அந்த ஆண்டின் தேதியைப் பார்த்த பிறகே அனுப்புங்கள். யூத நாட்காட்டிப்படி வருவதால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். 2013-ல் நவம்பர் 27 மாலையே தொடங்கிவிட்டது. 2024-ல் டிசம்பர் 25 மாலை. எட்டு நாள் முடிந்த பிறகு போய்ச் சேரும் வாழ்த்து, யோசிக்காமல் அனுப்பியது என்று காட்டிக்கொடுத்துவிடும். படத்திலும் கவனம் தேவை: ஹனுக்கா விளக்குக்கு ஒன்பது கிளை. ஏழு கிளை விளக்கு எருசலேம் ஆலயத்துக்குரியது. இன்னொன்று, ஹனுக்காவை யூதர்களின் கிறிஸ்துமஸ் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்குப் பெரிய நாட்கள் செப்டம்பர்–அக்டோபரில் வரும் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரும், வசந்தத்தில் வரும் பஸ்காவும்தான்.

யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸும் கொண்டாடுவதில்லை, புத்தாண்டும் கொண்டாடுவதில்லை. அவர்களுக்கு, 'இந்த ஆண்டு உங்களோடு வேலை செய்ததற்கு நன்றி' என்ற ஒரு வரி போதும். பொது அட்டையிலும் அந்த வரியை முதலில் போடச் சொல்லி நிறுவனத்தாரிடம் கேளுங்கள். இதற்காக வாதாடினால் பலன் உண்டு.

நிறுவனத்தாரிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் மரம், சாண்டா, சிவப்பு–பச்சை நிறம் எல்லாவற்றையும் வரைந்துவிட்டு 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று மட்டும் எழுதினால் அது பெயரை மறைத்த கிறிஸ்துமஸ் அட்டை. கிறிஸ்தவருக்கும் வருத்தம், மற்றவருக்கும் வரவேற்பில்லை. பொது வாழ்த்துக்குப் பொதுப் படம் வேண்டும். வரவேற்பறையில் மரம் வைத்தால் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றே சொல்லட்டும். 'ஹாலிடே மரம்' என்று மாற்றுவது யாரையும் மதித்ததாக ஆகாது. இந்த இடத்தில் உங்கள் சபை நண்பர்கள் பக்கம்தான் நான்.

சட்டம் என்று யாராவது பயமுறுத்தினால், 2013-ல் உங்கள் மாநிலமே அரசுப் பள்ளிகளுக்காக இயற்றிய சட்டத்தைக் காட்டுங்கள். 'மெர்ரி கிறிஸ்துமஸ் சட்டம்' என்றே அதற்குப் பேர். ஆனால் அதில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்', 'ஹேப்பி ஹனுக்கா', 'ஹேப்பி ஹாலிடேஸ்' மூன்றுமே அனுமதிக்கப்பட்ட வாழ்த்துகளாக எழுதப்பட்டிருக்கின்றன.

கடையில் ஒருவர் 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்றால், 'நன்றி, மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று சிரித்தபடி சொல்லிவிட்டு வாருங்கள். அவர் சொன்னதைத் திருத்தாதீர்கள். பொது அட்டைகள் டிசம்பர் முதல் வாரத்திலேயே தபாலுக்குப் போகட்டும். உங்கள் அலுவலகத்தில் எத்தியோப்பிய சபையைச் சேர்ந்தவர் இருந்தால் ஓர் அட்டையை எடுத்து வையுங்கள். 'மெல்காம் கெனா' (அவர்கள் மொழியில் கிறிஸ்துமஸ் வாழ்த்து) என்று எழுதி ஜனவரி 7-க்கு முன்னால் அவர் கையில் கொடுங்கள்.