தங்கம் போட்டும் சிவக்காத கண்ணாடி

கேள்வி: கொருக்குப்பேட்டையில் கண்ணாடி மணிப் பட்டறை வைத்திருக்கிறோம். தங்க குளோரைடு கலந்து உருக்கினால் கண்ணாடி நிறமே இல்லாமல் வருகிறது. மறுபடி சூடாக்கினால் சேற்றுப் பழுப்பாகிறது. தங்கம் வீணா?

பதில்: வீணில்லை, உள்ளேதான் இருக்கிறது. 1400 டிகிரி உருக்கில் தங்கம் தனித்தனி அணுக்களாகக் கரைந்துவிடும்; சட்டென்று ஆறினால் அப்படியே உறைந்து நிற்கும், அதற்கு நிறம் கிடையாது. மறுசூட்டில் அணுக்கள் ஒன்றுகூடி 10 முதல் 40 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துகள்களானால்தான் அவற்றின் எலக்ட்ரான்கள் கூட்டாக அசைந்து 530 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே உள்ள பச்சை ஒளியை விழுங்கும். மிச்சம்தான் அந்த அழகான மாணிக்கச் சிவப்பு.

பழுப்புக்குக் காரணம் துகள் பெருத்துப்போனது. பெரிய துகள் ஒளியை விழுங்குவதோடு சிதறடிக்கவும் செய்யும்.

100 கிராம் கண்ணாடிக்கு 20 மில்லிகிராம் தங்கம் போதும். கடையில் விற்கும் மஞ்சள் தங்க குளோரைடு உப்பில் பாதி எடைதான் தங்கம். எனவே உப்பு 40 மில்லிகிராம். அதைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடிக்கு உருக்கும் மணலில் ஊற்றி, காயவைத்துக் கலக்குங்கள்; இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகும். கூடவே 0.2 கிராம் வெள்ளீய ஆக்சைடு. துகள்கள் சீராக, சிறிதாக இருக்க இது உதவும். மறுசூடு 600 டிகிரி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணாடி மணியை எடுத்து, ஆறியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிவந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) தங்கத்தைக் கரைக்கும் வேலை நெருக்கமான சந்து வீடுகளில் வேண்டவே வேண்டாம். அந்தப் புகை நுரையீரலைத் தின்னும். உப்பாகவே வாங்குங்கள்.