‘கைரோ’ போர்டைப் பார்த்து முதுகைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறார். வயது 46. ஒரு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் என்று வந்தது, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் தட்டு பிதுங்கியிருக்கிறதாம். தண்டையார்பேட்டையில் புதிதாக ஒரு கைரோபிராக்டிக் சென்டர் திறந்திருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’, சுவரில் 3 சான்றிதழ். போனில் கேட்டபோதே 12 சிட்டிங், 18,000 ரூபாய் முன்பணம் என்றார்கள். நம்பிப் போகலாமா?
- ஒரு வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: சகோதரி, பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ஆளையே பார்க்காமல் 12 முறை வரவேண்டும் என்று எந்தப் படிப்பு படித்தவராலும் சொல்ல முடியாது.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தித் திருப்பிச் செய்யும் சிகிச்சை. இந்த முறை 1895ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தொடங்கியது. அங்கே இன்று கல்லூரியில் சில வருடம் படித்துவிட்டு, அதற்கு மேல் சுமார் 4 வருடம் இதையே முழுநேரமாகப் படிக்கிறார்கள். அப்புறம் தேர்வு, அப்புறம் மாநில உரிமம். உலக சுகாதார நிறுவனம் 2005ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி கேட்கிறது; அதில் 1,000 மணி நேரமாவது ஆசிரியர் பக்கத்தில் இருக்க நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். வார இறுதி வகுப்பில் 2 நாள் உட்கார்ந்து வாங்கிய சான்றிதழ் எத்தனை மணி நேரம் வரும்? நீங்களே கணக்குப் போடுங்கள். அதற்கும் தங்க முத்திரை வைத்துத்தான் தருகிறார்கள்.

எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கேட்கலாம். கைரோபிராக்டருக்கு நம் நாட்டில் அப்படி ஒரு தனிக் கவுன்சிலே இல்லை. டீக்கடைக்கு லைசென்ஸ் கேட்கிற ஊரில் முதுகெலும்பைத் திருப்புகிறவருக்குப் பதிவேடு கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு இங்கே வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தேகிக்க வேண்டாம், சரிபார்த்தால் போதும். அமெரிக்காவில் படித்தேன் என்றால் எந்த மாநிலத்து உரிமம் என்று கேளுங்கள். அந்த மாநில வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பிரிட்டன் என்றால் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சில் பதிவேடு இருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் செல்போனில் பத்து நிமிட வேலை. உண்மையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார், உரிம எண்ணைத் தானே எழுதிக் கொடுப்பார். உரிமம் காலாவதி ஆகியிருந்தாலும் எங்கே, எந்த வருடம் படித்தேன் என்று சொல்வார். ‘அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிசியோதெரபி படித்தவர் சிலரும் ‘கைரோ’ என்று போர்டு வைக்கிறார்கள். பி.பி.டி. பட்டம் இருந்தால் நாலரை வருடம் உடம்பைப் படித்தவர். அவரிடம் காட்டலாம்.

உங்களுக்கு இந்த இடத்தைச் சொன்னது யார்? ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றவரா, ஜிம்மில் பழகியவரா? என்னிடம் வலி கூடி வந்த பலரைக் கேட்டிருக்கிறேன். அனுப்பி வைத்த ஆளுக்குக் கமிஷன் போயிருக்கும். அந்த 18,000 ரூபாயில் அவர் பங்கும் இருக்கலாம்.

‘டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டேன், சத்தம் கேட்டதா?’ என்பார்கள். நம்பாதீர்கள். விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான் அது, மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழி. டிஸ்க் அதனால் நகர்வதில்லை. பயிற்சி பெற்றவர் செய்தால் சாதாரண இடுப்பு வலி ஓரளவு குறையும், மறுக்கவில்லை. ஒழுங்காகச் செய்யும் உடற்பயிற்சியிலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். கழுத்தை மட்டும் யாரும் வெடுக்கென்று திருப்ப விடாதீர்கள். அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான். ஸ்கேனை எடுத்துக்கொண்டு காலையிலேயே எலும்பு சிகிச்சை ஓ.பி.க்குப் போங்கள், பிசியோதெரபியும் அங்கேயே உண்டு. வரிசை நீளம், ஒரு நாள் கூலி போகும், தெரியும். ஆனால் காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் சிறுநீர் போனாலோ ஓ.பி. நேரம் பார்க்காதீர்கள். ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.