எட்டாம் நாள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பஞ்சாபில் பொலிஸ் பிடித்துப்போய்க் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக ஜஸ்வந்த் சிங் கால்ரா சுடுகாட்டுக் கணக்கேடுகளைத் தேடிப் போனது பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நான் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். அம்மாவுக்கு ஊர் மட்டக்களப்புப் பக்கம். 1990-இல் என் மாமாவை, அம்மாவின் தம்பியை, ரோட்டில் வைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மா சொல்வதை எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறுகிறது. ஒரு நாள் நீலச் சட்டை என்கிறா. ஒரு நாள் சட்டையே இல்லை, சாரம் (லுங்கி) மட்டும் என்கிறா. வந்தவர்கள் பொலிஸ் என்கிறா, பிறகு ஆமி என்கிறா. பெரியப்பாவோ, “அந்த மாதம் இயக்கம் (புலிகள்) பொலிசைக் கொன்றதை எழுதிவிடாதே, நம்முடைய கதை கெட்டுப்போகும்” என்கிறார். பஞ்சாபிலாவது கணக்கேடு இருந்தது. எங்களிடம் துண்டுக் காகிதம் இல்லை. எழுதி என்ன பயன்?

பெயர் வேண்டாம், மண்டபம்

அன்புள்ள தங்கைக்கு,

நீலச் சட்டையையும் எழுதுங்கள், சாரத்தையும் எழுதுங்கள். எந்தத் தேதியில் எதைச் சொன்னார் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். நான் ஒரு தடவை அப்படித் தேர்ந்தெடுத்தவன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

1990 ஆகஸ்டில் படகுகள் வந்துகொண்டே இருந்தன. எனக்குக் கல்லூரி முடிந்த வருடம். எழுதத் தெரிந்தவர்கள் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், போனேன். மண்டபத்தில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டுக் கேட்டுப் படிவம் நிரப்பினேன். ஒரு பெண் தன் கணவரைப் பிடித்துப்போனது “ஆடி அமாவாசையிலிருந்து எட்டாம் நாள்” என்றார். தேதி வேண்டும் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. நானே காலண்டரை எடுத்து அமாவாசையோடு எட்டைக் கூட்டி ஒரு தேதியைப் போட்டேன். அவர்கள் ஊரில் அமாவாசை நாளையே முதல் நாளாக எண்ணுவார்கள். அதாவது என் தேதிக்கு முந்தின நாள். பல வருடம் கழித்து அவர் வேறோர் இடத்தில் வாக்குமூலம் கொடுத்தபோது, இரண்டு தாளிலும் ஒரு நாள் வித்தியாசம் வந்தது. முன்னுக்குப் பின் முரண் என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்த அம்மா முரணாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது நான். “ஆடி அமாவாசையிலிருந்து எட்டாம் நாள்” என்று அவர் வாயில் வந்தபடியே எழுதியிருந்தால் இன்றைக்கும் அது நிற்கும்.

பொலிஸா ஆமியா என்பதும் இப்படித்தான். இங்கே அதிரடிப்படை என்றால் சத்தியமங்கலம் காடுதான் ஞாபகத்துக்கு வரும். உங்கள் ஊரில் விசேட அதிரடிப்படை என்பது காட்டில் ஆள் தேடிய படையல்ல, புலிகளுக்கு எதிரான போருக்காகவே பழக்கிய பொலிஸ் பிரிவு. பொலிஸ்தான் என்றாலும் துப்பாக்கியும் நடையும் ராணுவம் மாதிரி. பயந்து நின்ற ஒரு அக்காவுக்கு அந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கத் தோன்றியிருக்குமா? ஆகவே “யார் பிடித்தது” என்று கேட்காதீர்கள். என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள், எந்த மொழியில் பேசினார்கள், ஜீப் எந்தப் பக்கம் திரும்பியது, அம்மா எங்கே நின்றார், இடையில் மரமோ வேலியோ இருந்ததா என்று கேளுங்கள். கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், பக்கத்து வீட்டார் சொல்லிக் கேட்டது இன்னொரு பக்கம். பிரிவின் பெயரை அதற்குத் தகுதியுள்ளவர்கள் பிறகு கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் கால்ரா. அவரிடம் கணக்கேடு “இருந்தது” என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. அமிர்தசரசில் ஒரு வங்கியில் பொறுப்பில் இருந்த மனிதர். கூட வேலை பார்த்த சிலர் காணாமல் போக, தேடக் கிளம்பினார். சுடுகாட்டில் போய் நின்றார். யாரும் உரிமை கோராத பிணம் என்று பொலிஸ் கொண்டுவந்து எரித்தாலும் விறகு நகராட்சியின் விறகுதானே? விறகு எடுத்தால் குமாஸ்தா எழுதியாக வேண்டும். எந்த ஸ்டேஷன், எத்தனை பிணம், எவ்வளவு விறகு. கொலையை மறைத்தவர்களுக்கு விறகுக் கணக்கை மறைக்கத் தோன்றவில்லை. பிறகு உச்ச நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ. விசாரித்தபோது, அமிர்தசரஸ், பட்டி, தரண் தாரண் ஆகிய மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 பிணங்கள் என்று கணக்கு வந்தது. அவர்களில் 585 பேர் யாரென்று முழுமையாகத் தெரிந்தது. ஆள் யாரென்று தெரிந்தும் உரிமை கோராத பிணம்! வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாயும் மனைவியும் ஓடி வந்திருப்பார்கள்.

கால்ராவையும் 1995 செப்டம்பர் 6-இல் வீட்டு வாசலில் வைத்துப் பொலிஸ்காரர்கள் தூக்கிப் போனார்கள். காவலில் வைத்துக் கொன்றார்கள். அவரைக் காவலில் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர், பொலிசுக்கே துணைக்கு வேலை பார்த்த ஒரு ஆள். 2005-இல் அந்தப் பொலிஸ்காரர்களுக்குத் தண்டனை, 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நடுவில் பதினாறு வருடம். அவர் மனைவி பரம்ஜித் கவுர் அத்தனை வருடமும் கோர்ட்டுப் படி ஏறினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2-இல் ஐந்து மாணவர்கள் செத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. சுகிர்தராஜன் என்ற பத்திரிகையாளர் பிணவறையில் எடுத்த படங்களில் சூட்டுக் காயம் தெரிந்தது. அந்த மாதம் 24-ஆம் தேதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். 2019-இல் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும், சாட்சியம் போதாது என்று நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் குண்டு வெடித்துச் செத்தார்கள் என்ற கதையை இன்றைக்கு யாரும் சொல்வதில்லை. எழுதுவதால், படம் எடுப்பதால் கிடைப்பது சில நேரம் இவ்வளவுதான். இது போதாது என்று உங்கள் அம்மா சொன்னால் அதையும் எழுதுங்கள்.

பெரியப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பொலிஸ்காரர்களை நூற்றுக்கணக்கில் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். இது ஊரறிந்த விஷயம். நீங்கள் விட்டுவிட்டால், படிக்கிற கீழக்கரைக்காரரோ தொண்டிக்காரரோ, “இதை மறைத்தவள் வேறு எதை மறைத்தாளோ” என்றுதான் நினைப்பார். பொலிஸ்காரர்கள் செத்ததால் உங்கள் மாமாவைப் பிடித்தது நியாயமாகிவிடாது. மாமாவைப் பிடித்ததால் அவர்கள் செத்தது இல்லையென்றும் ஆகாது. பெரியப்பாவிடம் சண்டை போடாதீர்கள். அவரும் எதையோ பார்த்திருப்பார், அவருக்கென்று நான்கு பக்கம் விட்டு வையுங்கள்.

காகிதமே இல்லை என்கிறீர்கள். முகாமில் வீடு மாறியபோது தூக்கிவந்த தகரப்பெட்டி ஏதாவது உண்டா? முதல் பதிவு அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது, மாமா பெயர் எங்கே விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய கடித உறையின் தபால் முத்திரை, மாமாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ், போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோக்காரர் அடித்த சீல், எது கிடைத்தாலும் எறியாமல் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஊரில் இன்னும் இருக்கிற ஆட்களின் பெயரை மட்டும் முழுதாக எழுதாதீர்கள். அங்கே அவர்களுக்குத் தொந்தரவு வரலாம்.

காணாமல் போனார் என்று எழுதாமல் காணாமல் ஆக்கப்பட்டார் என்று எழுதுங்கள். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டில் இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள். அம்மா அடுத்த தடவை வேறு மாதிரி சொல்வார்.