மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவா? இன்ஜினைப் பிரிக்கும் முன்...

கேள்வி: என்னிடம் 1971 மாடல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்ததில் நான்கு சிலிண்டருக்கும் வரிசையாக 155, 150, 105, 155 பிஎஸ்ஐ வந்தது. இன்ஜினை முழுசாகப் பிரித்து (பிஸ்டனைச் சுற்றியுள்ள) ரிங் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். சிலிண்டருக்குள் காற்றை விட்டு எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்கேஜ் டெஸ்ட்டும் செய்து பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் பாருங்கள். ஆனால் அதற்கும் முன்னால் டேப்பட் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே உள்ள இடைவெளியை, பாருங்கள். இந்த 1798 சிசி இன்ஜினின் வார்ப்பிரும்பு ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல் பகுதி), லெட் (ஈயம்) கலந்த பெட்ரோல் காலத்தது. லெட் இல்லாத பெட்ரோலில் வேகமாக ஓட்ட ஓட்ட, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வ் உட்காரும் சீட் தேய்ந்து வால்வ் உள்ளே இறங்கும். கிளியரன்ஸ் குறைந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் வால்வ் முழுசாக மூடாது. எட்டு வால்வுகளையும் முன்பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது சிலிண்டருக்கு 5 எக்ஸாஸ்ட், 6 இன்லெட். 4-ஆவது வால்வ் முழுசாகத் திறந்திருக்கும்போது 5-ஐ அளக்க வேண்டும், 3 திறந்திருக்கும்போது 6-ஐ. கூட்டினால் ஒன்பது வரும், அதுதான் கணக்கு. பொதுவாக 0.015 அங்குலம் இருக்க வேண்டும்.

செட் செய்த பிறகு கம்ப்ரஷனை மறுபடி எடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கட்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் காயிலுக்கு வரும் ஒயரையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். த்ராட்டில் மூடியிருந்தாலோ பேட்டரி சோர்ந்திருந்தாலோ நல்ல இன்ஜினும் குறைவாகத்தான் காட்டும். மூன்றாவதில் மட்டும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு இன்னொரு முறை அளந்தால், ரீடிங் நன்றாக ஏறினால் ரிங் மீது சந்தேகம், ஏறாவிட்டால் வால்வ் மீது. இது ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை.

அடுத்து லீக்கேஜ் டெஸ்ட். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்பதால், மூன்றாவது பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வரும்போது இரண்டாவதின் ராக்கர்கள் இரண்டும் அசைந்துகொண்டிருக்கும். காற்றை விட்டதும் கிராங்க் சட்டென்று சுழலக்கூடும். அதனால் அதன் நட்டில் ஸ்பேனரை விட்டுவைக்காதீர்கள். காரை டாப் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிடுங்கள்.

ஏர் ஃபில்டர், எண்ணெய் மூடி, இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடி, மூன்றையும் கழற்றிவிட்டு, மூன்றாவது சிலிண்டரின் பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றை விடுங்கள். பத்து சதவீதத்துக்குள் கசிந்தால் அருமை. இருபது வரை பழைய இன்ஜினுக்குப் பரவாயில்லை. முப்பதைத் தாண்டினால் வேலை இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த எண்ணைவிட சத்தம்தான் முக்கியம். சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டரில் சீறினால் இன்லெட். எண்ணெய் மூடி வழியாகப் பலமாக வந்தால் ரிங். அங்கே லேசான சத்தம் எந்த இன்ஜினிலும் இருக்கும், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். கேஸ்கெட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் போயிருந்தால் இரண்டாவதும் சேர்ந்து குறைந்திருக்கும். உங்களுக்கு அது 150 காட்டுவதால் அந்தக் கவலை வேண்டாம்.

என் ஊகம் எக்ஸாஸ்ட் வால்வ்தான். அப்படியென்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், கீழ்ப் பகுதியைத் தொட வேண்டியதில்லை. லேத்துக்கு அனுப்பும்போது நான்கு எக்ஸாஸ்ட் பக்கமும் கடினமான சீட் வளையம் போடச் சொல்லுங்கள். காற்று எண்ணெய் மூடி வழியாகப் பீறிட்டால் மட்டும் மெக்கானிக் சொன்னபடி செய்யுங்கள்.