கொழுந்து மடுவத்தில் ஸ்பிரிண்ட்: கேள்வி பதில்

பண்டாரவளைத் தம்பி: அக்கா, மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்பதை முழுதாக எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். அப்புறம் துண்டு துண்டாகச் செய்துமுடிக்கும் இரண்டு வாரச் சுற்றுகள், அதாவது ஸ்பிரிண்ட்கள். கடைசி மாதம் டெஸ்டிங். இது எஜைலா, வோட்டர்போலா?

எல்லாவற்றையும் முதலிலேயே முடிவு செய்து படிப்படியாக இறங்குவது வோட்டர்போல்; சிறு சுற்றுகளில் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போவது எஜைல், அதில் ஒரு முறைதான் ஸ்கிரம். உங்களுடையதில் இரண்டு முனையும் வோட்டர்போல், நடுவில் ஸ்கிரம். ‘வோட்டர்-ஸ்கிரம்-போல்’ என்று இதற்குப் பெயரே உண்டு. பெயர் கிடக்கட்டும், தொல்லை அந்தக் கடைசி மாதம்தான். முதல் ஸ்பிரிண்டில் விட்ட பிழை அப்போதுதான் தலைகாட்டும்; எழுதியவருக்கே அந்தக் கோட் மறந்திருக்கும். கையொப்பம் இருக்கட்டும், டெஸ்டிங்கை ஸ்பிரிண்டுக்குள் இழுத்துவிடுங்கள்.

ஹட்டன் தங்கச்சி: தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவை, செக்ரோல் (வேலை, சம்பளப் பதிவேடு) செயலி செய்கிறோம். எதை முதலிலேயே முடிவு செய்வது?

பிறகு மாற்றினால் யார் வயிற்றில் அடிக்குமோ, அதை. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளியிடம் 8 வீதம், நிர்வாகம் 12 வீதம்; ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) நிர்வாகமே 3 வீதம். இது சட்டம், ஸ்பிரிண்டுக்கு ஸ்பிரிண்ட் பரிசோதிக்கிற விஷயமில்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், சண்டையே அங்கேதான் வரும். கணக்கப்பிள்ளையோடு உட்கார்ந்து, பழைய செக்ரோலில் ஒரு மாதத்தை எடுத்துச் சதம் வரை ஒத்துப் பாருங்கள். சிக்னல் இல்லாத மலையில் நிறுவை போனிலேயே தங்கி, சிக்னல் கிடைத்ததும் மையக் கணக்கில் சேர வேண்டும். அதுவும் முதல் நாள் முடிவு.

திரை வேறு கதை. நாங்கள் ஒருமுறை அழகான குட்டிப் பொத்தான்கள் வைத்தோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மழை, விரலெல்லாம் ஈரம், போன் தொடுகையை எடுக்கவேயில்லை. வரிசையில் கூடையோடு நின்ற ஓர் அக்கா, “கொப்பியிலயே எழுதுங்க, நேரம் போகுது” என்றார். அடுத்த ஸ்பிரிண்டில் பாதித் திரையை இலக்கங்களுக்கே கொடுத்தோம். எத்தனை பக்கம் ஆவணம் எழுதியிருந்தாலும் அந்த ஈர விரல் அதில் வந்திருக்காது.

கண்டி மாணவர்: வோட்டர்போலைச் சொன்னவரே அதை நம்பவில்லையாமே?

அதைச் சொன்னவர் என்று பெயர் வாங்கிய வின்ஸ்டன் ரொய்ஸின் 1970 கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை. படிப்படியான படத்தை வரைந்த கையோடு, அப்படியே செய்வது ஆபத்து என்றும் எழுதினார். 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி எஜைல் அறிக்கையை எழுதிய 17 பேரும் ஆவணத்தை எறியச் சொல்லவில்லை. ஓடும் மென்பொருளுக்கு அதைவிட மதிப்பு அதிகம் என்றார்கள், அவ்வளவுதான்.

தலவாக்கலை அண்ணன்: டென்டரில் விலையும் திகதியும் மாறாது. ஸ்பிரிண்ட் எப்படி?

புதிதாக ஒன்று உள்ளே வந்தால் அதே அளவு வேலை ஒன்று வெளியே போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள் அண்ணா. வாய்ப்பேச்சில் விட்டால் கடைசி வாரம் இராத்தூக்கம் இல்லை.

பதுளை: மூன்று பேர், ஒரே மேசை. ஸ்கிரம் சொல்கிற தினசரி 15 நிமிஷக் கூட்டம் வேண்டுமா?

தேத்தண்ணி நேரம் போதும்.