ராக் கிராலர் சக்கரத்துக்குச் செலவில்லாமல் எடை ஏற்றுவது: கேள்வி பதில்

பாறை ஏறும் ரிமோட் வண்டிகளின் சக்கரத்துக்கு எடை சேர்ப்பது பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் நான் சொல்லும் அளவெல்லாம் 1.9 இன்ச் ரிம் போட்ட 1/10 வண்டிக்கு, அதாவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளதற்கு.

அண்ணா, எடை கூடினால் வண்டி ஏறுவதற்குத் திணறாதா? எல்லாரும் ஏன் எடை ஏற்றச் சொல்கிறார்கள்?

எங்கே ஏற்றுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வண்டி மூன்று கிலோ, முன் பின் அச்சுகளுக்கு நடுவே 31 செ.மீ., எடை முன்னும் பின்னும் சமம், எடை மையம் தரையிலிருந்து 9 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டி 45 டிகிரி சரிவில் ஏறும்போது முன் சக்கரங்களுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு எடைதான். மீதி எல்லாம் பின்னால் இறங்கிவிடும். மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழுவது அதனால்தான். இப்போது முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் 100 கிராம் சேர்த்துப் பாருங்கள். வண்டியின் எடை 7 சதவீதம்கூட ஏறவில்லை. ஆனால் அதே சரிவில் முன் டயர்கள் பாறையை அழுத்தும் விசை கிட்டத்தட்டக் கால் பங்கு கூடிவிடும். இத்தனை லாபம் தரும் மாற்றம் இந்த விலையில் வேறு எதுவும் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. சக்கரத்தில் உள்ள எடையை ஸ்பிரிங் சுமப்பதில்லை. அதனால் சஸ்பென்ஷன் அமுங்காது, செட்டிங் மாறாது.

என் வண்டி ஏறும்போது நன்றாகத்தான் போகிறது. பக்கவாட்டுச் சரிவில்தான் உருண்டுவிடுகிறது. ரூஃப் ராக், ஜெர்ரி கேன், லைட் பார் எல்லாம் போட்டிருக்கிறேன்.

அப்படியென்றால் எடை ஏற்றுவதற்கு முன்னால் இறக்க வேண்டும். மேலே சொன்ன அதே வண்டியில், 20 செ.மீ. உயரத்தில் இருக்கும் 200 கிராம் சாமான்களைக் கழற்றினால் எடை மையம் 9 செ.மீ.யிலிருந்து 8.2-க்கு இறங்கும். அதைக் கழற்றாமல் சக்கரத்தில் 200 கிராம் சேர்த்தால் 8.8-க்குத்தான் இறங்கும். பக்கவாட்டில் உருளும் வண்டிக்குக் கூரையைக் காலி செய்வதுதான் மருந்து. அதற்குக் காசும் வேண்டாம். சக்கர எடை முக்கியமாகச் செங்குத்தாக ஏறுவதற்கு உதவுகிறது. இரண்டு நோயையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? சக்கரத்துக்குள் போடும் பித்தளை ரிங் விலை கட்டுப்படி ஆகவில்லை.

கார் டயர் கடையில் வீல் பேலன்ஸிங்குக்கு ஒட்டும் எடைப் பட்டை. 5 கிராம், 10 கிராம் கட்டிகளாக வரிசையாக இருக்கும், பின்னால் பசை உண்டு, வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். கழற்றிப் போட்ட பழைய கட்டிகளைக் கேட்டால் பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். அதற்கு நல்ல இரட்டைப் பக்க டேப் போதும்.

ஒட்டுகிற விதத்தில்தான் கவனம் வேண்டும். பீட்லாக் ரிம் (டயரைப் பசையில்லாமல் ஸ்க்ரூ போட்ட வளையத்தால் பிடிக்கும் ரிம்) என்றால் ஸ்க்ரூக்களைக் கழற்றி, டயரையும் அதற்குள் இருக்கும் ஃபோமையும் எடுத்துவிடுங்கள். ரிம்மின் நடு வளையத்தைச் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். புது ரிம்மிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதன் மேல் ஒட்டினால் ஒரு வெயிலுக்குத் தாங்காது. கட்டிகளைச் சுற்றிலும் சம இடைவெளியில் ஒட்டி, அதன் மேல் எலக்ட்ரிக்கல் டேப்பை இழுத்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். கட்டி பெயர்ந்தாலும் டேப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஃபோமைப் போட்டுப் பாருங்கள். கட்டியின் தடிமனால் ஃபோம் பிதுங்கி டயர் கல் மாதிரி ஆகிவிட்டதென்றால், ஃபோமின் உள்பக்கத்தைக் கத்தரிக்கோலால் அந்தத் தடிமனுக்குச் சீவி விடுங்கள். டயர் பாறையில் மடங்கிப் பிடிக்க வேண்டும். எடை ஏறி, டயர் மடங்காமல் போனால் வேலை வீண்.

தூண்டில் ஈயக்குண்டு, சால்டரிங் கம்பி இதெல்லாம் ஆகுமா?

ஆகும். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், பித்தளை சுமார் 8.5, இரும்பு 7.8. குறைந்த இடத்தில் அதிக எடை வேண்டுமென்றால் ஈயம்தான். சால்டரிங் கம்பி முழு ஈயம் அல்ல, ஆனாலும் அதை ரிம்மில் நூல்கண்டு போல நெருக்கமாகச் சுற்றி டேப் போட்டால் ரொம்ப அழகாக உட்காரும்.

ஆனால் ஈயம் நஞ்சு. இந்த வண்டியை வீட்டில் பிள்ளைகளும் தொடுவார்கள். உருக்காதீர்கள், அரம் போட்டு ராவாதீர்கள், டேப்பால் முழுக்க மூடாமல் விடாதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பேலன்ஸிங் கட்டி எந்த உலோகம் என்று தெரியாவிட்டால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், நகத்தால் கீறினாலே கோடு விழுந்தால் ஈயம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இரும்பே போதும் என்பது என் கருத்து.

சைக்கிள் பேரிங் குண்டுகளை டயருக்குள் சும்மா போட்டுவிடலாம் என்கிறார்களே?

வேண்டாம். ஓரம் சாய்ந்தால் குண்டெல்லாம் அந்தப் பக்கமே ஓடும், ஃபோமை அரைக்கும், தண்ணீர் புகுந்தால் துருவேறும்.

பின் சக்கரத்துக்கும் போட வேண்டுமா? முன்னால் எவ்வளவு வரை போகலாம்?

பின்னால் போடாதீர்கள், முன்னால் கிடைத்த லாபத்தைப் பின் எடை தின்றுவிடும். முன்னால் சக்கரத்துக்கு 60 கிராமில் ஆரம்பியுங்கள். இடமும் வலமும் கிராம் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்.

போதுமா என்று பார்க்கச் சமையலறைத் தராசு இருந்தால் ஆயிற்று. முன் சக்கரங்களைத் தராசில் ஏற்றி, பின் சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் புத்தகம் வையுங்கள். பேட்டரியும் பாடியும் வண்டியிலேயே இருக்க வேண்டும். பிறகு மாற்றிப் போட்டுப் பின்பக்கத்தை அளங்கள். முன்னால் 60, பின்னால் 40 என்ற விகிதம் வந்தால் நிறுத்திவிடலாம். அதற்கு மேல் போனால் செங்குத்தாக இறங்கும்போது தலைகுப்புற விழ ஆரம்பிக்கும். பேட்டரியை முன்பக்கம் நகர்த்த இடமிருந்தால் முதலில் அதைச் செய்துவிட்டு அளங்கள். பாதி தூரம் அதிலேயே வந்துவிடும்.

டிஆர்எக்ஸ்-4 கிராலருக்குப் பித்தளையில் நக்கிள் (முன் சக்கரத்தைத் திருப்பும் மூட்டு), போர்ட்டல் கவர் (சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கியர் மூடி) வருகிறதே, அது சக்கர எடையைவிட நல்லதா?

நல்லதுதான். அது சக்கரத்தோடு சுழல்வதில்லை. அதனால் மோட்டாருக்கு அதைச் சுழற்றும் வேலை இல்லை. சக்கரம் காற்றில் சுழன்று சட்டென்று பாறையில் மாட்டும்போது, கனமான சக்கரம் அந்த அடியை அப்படியே ஆக்சில் ஷாஃப்டுக்கு அனுப்பும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்திருக்கையில் இது நடந்தால் ஜாயிண்ட் போய்விடும். எடை ஏற்றிய வண்டியில் மாட்டிக்கொண்டால் த்ராட்டிலைக் குத்தாமல், பின்வாங்கி வேறு வழி பாருங்கள். பட்டையோடு தொடங்கி, பணம் சேர்ந்ததும் பித்தளைக்கு மாறலாம்.

டபிள்யூபிஎல் மாதிரி விலை குறைந்த வண்டி, பிளாஸ்டிக் கியர். இதற்கும் செய்யலாமா?

கொஞ்சமாக. சக்கரத்துக்கு 15, 20 கிராமோடு நிறுத்துங்கள். எஸ்சிஎக்ஸ்24 போன்ற குட்டி வண்டிக்கு 5 கிராமே தெரியும். இரண்டிலும் கம்பி சுற்றும் முறைதான் வசதி.

டயர் ரிம்மோடு பசை போட்டு ஒட்டி வந்திருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, சூடாக இருக்கும்போதே மொட்டை முனை உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தைச் சுற்றி நெம்பி வாருங்கள். அசிட்டோன் பசையைக் கரைக்கும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் ரிம்மையும் சேர்த்துக் கரைக்கும். திரும்ப ஒட்ட ஃபெவிக்விக் போதும்.

எடை போட்ட பிறகு மோட்டார் சூடாகிறது.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொடுங்கள். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் பினியனை (மோட்டார் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) ஒரு பல் குறைந்ததாக மாற்றுங்கள். வேகம் சற்றுக் குறையும், கிராலருக்கு அதனால் நஷ்டமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவையும் கவனியுங்கள். வண்டி நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரம் பாதியில் நின்று முனகினால், அந்தச் சர்வோவுக்கு இது தாங்காத எடை. கட்டிகளில் இரண்டை உரித்துவிட்டு மறுபடி பாருங்கள்.