கார் அலாரக் கையேட்டில் 'இரும்பு' என்றால் எர்த்

கேள்வி: கார் அலாரம் ஒன்று வாங்கினேன். கையேடு முழுக்கச் சீன மொழி. கைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்தால் 'இரும்பில் மாட்டவும்', 'நெருப்புக் கம்பி', 'காப்பீட்டு இழை' என்று வருகிறது. எந்த ஒயரை எங்கே கொடுப்பது?

பதில்: செயலி உளறவில்லை, சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறது. அவையெல்லாம் அந்த மொழியின் தொழில் சொற்கள். எர்த்துக்கு அங்கே 'தா தியே' என்பார்கள், அதாவது இரும்போடு சேர்ப்பது. காரின் உடலே நெகட்டிவ் என்பதால் வந்த பெயர். நெருப்புக் கம்பி என்பது கரண்ட் இருக்கும் 12 வோல்ட் பாசிட்டிவ் ஒயர். காப்பீட்டு இழை ஃபியூஸ். 'நெருப்பு மூட்டல்' இக்னிஷன், 'திசை விளக்கு' இண்டிகேட்டர், 'கால் தடை' பிரேக் பெடல் ஒயர்.

பத்திகளை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது வயரிங் படம் மட்டும்தான். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் நிறமும் வேலையும் எழுதியிருக்கும். முழுப் பக்கத்தையும் ஒரே படமாக எடுக்காமல், ஒவ்வொரு எழுத்துத் துண்டையும் கிட்டத்தில் தனித்தனியாக எடுத்தால் செயலி குழம்பாது.

நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு எர்த் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். மற்ற நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கார் பக்க ஒயரை மல்டிமீட்டரால்தான் (வோல்ட் அளக்கும் கருவி) உறுதி செய்ய வேண்டும். சாவியை ஆன் செய்ததும் 12 வோல்ட் வந்து, ஸ்டார்ட் அடிக்கும்போதும் அது நின்றால் இக்னிஷன் ஒயர். ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் மட்டும் போய்விட்டால் அது ரேடியோ போன்றவற்றுக்கான ஒயர், நமக்கு வேண்டாம். பல்ப் வைத்த டெஸ்டரைக் கொண்டு குத்திப் பார்க்காதீர்கள். மஞ்சள் உறைக்குள் போகும் ஏர்பேக் ஒயர்களை மீட்டராலும் தொட வேண்டாம்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் சென்ட்ரல் லாக், அதாவது எல்லாக் கதவுகளையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு. அதற்கென அலாரத்தில் ஆறு ஒயர் இருந்தால், மூன்று மூன்றாக இரண்டு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்): ஒன்று பூட்ட, மற்றொன்று திறக்க. அங்கே 'எப்போதும் திறந்தது', 'எப்போதும் மூடியது', 'பொது' என்று வரும். கதவைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரிலே சும்மா இருக்கும்போது அதன் முனைகள் இருக்கும் நிலை அது. உங்கள் கார் 'நெகட்டிவ் தூண்டல்' வகை (எர்த் கொடுத்தால் பூட்டு இயங்கும்) என்றால் இரண்டு 'பொது' ஒயரும் எர்த்துக்குப் போகும். 'எப்போதும் திறந்தது' இரண்டும் காரின் பூட்டும் ஒயருக்கும் திறக்கும் ஒயருக்கும் போகும். 'எப்போதும் மூடியது' இரண்டையும் தனித்தனியே டேப் சுற்றி விட்டுவிடலாம். 'பாசிட்டிவ் தூண்டல்' என்றால் 'பொது' மட்டும் எர்த்துக்குப் பதிலாக, ஃபியூஸ் வழியே 12 வோல்ட்டுக்குப் போகும். எந்த வகை என்று எப்படித் தெரியும்? கதவு பூட்டும் சுவிட்சின் ஒயரில் மீட்டரை வைத்து, சுவிட்சை அழுத்துங்கள். அழுத்தும்போது எர்த் கிடைத்தால் நெகட்டிவ், 12 வோல்ட் கிடைத்தால் பாசிட்டிவ். பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறும் நேரடி மோட்டார் வகையும் உண்டு. அதற்குப் படமே வேறு, இந்த இணைப்பை அதில் போடக் கூடாது.

எஞ்சினை நிறுத்தும் ரிலே ஒன்றும் கூட வரும். அதை இணைக்காமல் விடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஓடும் காரில் அந்த ரிலே பழுதானால் நடுச்சாலையில் எஞ்சின் நின்றுவிடும்.

ஒயர்களைக் கண்டுபிடித்த பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு இணையுங்கள். சில கார் ரேடியோக்கள் அதன்பின் ரகசிய எண் கேட்கும், முன்பே குறித்து வையுங்கள். அலாரத்தின் பாசிட்டிவ் ஒயரைக் கடைசியில் கொடுங்கள். அதன் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அப்புறம், கடைசிப் பக்கத்தில் 'கற்றல்' என்று ஒரு தலைப்பு வந்தால் தூக்கிப் போடாதீர்கள். புது ரிமோட்டை அலாரத்தோடு சேர்க்கும் முறை அதுதான். ஒரு ரிமோட் தொலைந்தால் அந்தப் பக்கம் வேண்டியிருக்கும்.